செம்பில் செதுக்கிய முகம்

புதுச்சேரிக்குத் தெற்கே அபிஷேகப்பாக்கம், பாகூர், மேற்கே வில்லியனூர் என்று பரந்து கிடக்கும் நம் கிராமங்களில், பழைய கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றின் கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் அருகருகே தொங்குவதைக் காணலாம். ஒன்று, இயேசுவின் திரு இருதயப் படம். மற்றொன்று, பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்ற 'சொல்தா' தாத்தாவின் சீருடைப் படம். மாலைச் செபத்திற்கு ஏற்றும் விளக்கு இரண்டு முகங்களிலும் ஒருசேரப் படுகிறது. அந்த வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, சட்டமிட்டு மாட்டிய முகம் என்றாலே அது வணங்கத்தக்க முகம் என்னும் எண்ணம் தானாகவே ஊறிவிடுகிறது. அந்த எண்ணத்தைச் சற்றே சோதித்துப் பார்க்கும் நோக்கத்துடன், முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு முகத்தை நாம் இங்கே ஆராயப் புகுகிறோம்.

அந்த முகத்திற்கு உரியவர் ழான் பப்தீஸ்த் கொல்பேர். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில் நிதி, கடற்படை, வாணிகம், கட்டடப் பணி ஆகிய துறைகள் அனைத்தையும் தம் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த பேரதிகாரி. அவரைச் செம்புத் தகட்டில் செதுக்கியவர் ரொபேர் நாந்தேய். பரோக் காலத்துப் பிரான்சில் உருவச் செதுக்குக் கலையின் தலைசிறந்த ஆசான் இவரே என்பது கலை வரலாற்று அறிஞர்களின் பொதுவான தீர்ப்பு.

இந்த அதிகாரியின் முகம் அபிஷேகப்பாக்கத்து வாசகருக்கு எதற்கு என்று கேட்கலாம். 1664ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்றுவித்தவர் இவரே. ஒன்றரைக் கோடி லீவர் முதல் திரட்டுவது என்று திட்டமிட்டு, அரசரையும் அரசவையினரையும் பங்கு வாங்கச் செய்தார். அந்தக் கம்பெனியின் கப்பல்கள் 1668இல் சூரத்தை எட்டின. 1673இல் வலிகொண்டாபுரத்து ஆட்சியாளர் ஷேர்கான் லோடியிடம் பெல்லாஞ்ஜெ தெ லெஸ்பினே புதுச்சேரியில் இடம் பெற்றார். அடுத்த ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் அதைப் பொறுப்பேற்று நகராக்கத் தொடங்கினார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில், வில்லியனூர், பாகூர் வட்டாரங்களும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. ஆக, நம் வயல்களின் எல்லைக்கல் நகர்ந்ததற்கும் அந்தப் பாரிஸ் மேசைக்கும் தொடர்பு உண்டு. நாம் பார்க்கப்போவது அயலான் ஒருவனின் முகத்தை அன்று.

கொல்பேரை முதலில் தூரிகையால் தீட்டியவர் பிலிப் தெ ஷாம்பேஞ். 1655ஆம் ஆண்டின் அந்த ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அப்போது கொல்பேருக்கு வயது முப்பத்தாறு. அமைச்சர் பதவி இன்னும் வரவில்லை. கர்தினால் மஸாரெனின் சொத்துக்களைக் கவனிக்கும் காரியத்தர். கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டி, கையில் மடித்த ஒரு தாள். இதே ஷாம்பேஞ்தான், நோயுற்றிருந்த துறவி மகள் குணமடைந்ததற்கு நன்றிக்கடனாக, இரண்டு கன்னியர் செபத்தில் இருக்கும் அந்தப் புகழ்மிக்க நேர்த்திப் படத்தை 1662இல் வரைந்தவர். ஆடம்பரத்தை விலக்கி உள்ளத்தின் அடக்கத்தைத் தேடும் கை அவருடையது.

அந்த ஓவியத்தை வைத்து 1660இல் நாந்தேய் செப்புத் தகட்டில் கொல்பேரைச் செதுக்கினார். பின்னரும் பலமுறை அவரைச் செதுக்கியுள்ளார். ஓவியத்தில் வண்ணம் இருந்தது. இங்கே வண்ணம் இல்லை. வெண்தாளும் கறுப்பு மையும் மட்டுமே கைமுதல். அவற்றைக் கொண்டு தோலின் மென்மையையும் கூந்தலின் பளபளப்பையும் துணியின் கனத்தையும் வெவ்வேறாக உணர்த்த வேண்டும்.

இதை எப்படிச் சாதிக்கிறார்? மெருகேற்றிய செப்புத் தகட்டில் கூர்மையான உளியைத் தள்ளித் தள்ளிப் பள்ளம் எடுக்கிறார். உளி ஆழ்ந்தால் கோடு தடிக்கும், மேலெழுந்தால் மெலியும். உடைக்கும் பின்புலத்துக்கும் நீண்ட கோடுகள். முடிக்கு அலையாக வளையும் கோடுகள். முகத்துக்கு வந்ததும் கோடு துண்டு துண்டாகச் சிதறிச் சிறு கீற்றுகளும் புள்ளிகளும் ஆகிவிடுகிறது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கீற்றுகள் மறைந்து கன்னத்தின் சதை தெரிகிறது. தகட்டில் மை தடவித் துடைத்து, பள்ளத்தில் தங்கிய மையை ஈரத்தாளில் உருளையால் அழுத்தி எடுக்கிறார்கள். இடம் வலமாகி, நூற்றுக்கணக்கான படிகளாக அந்த முகம் வெளியேறுகிறது. ஒரே முகம் ஒரே சமயத்தில் பல நூறு வீடுகளுக்குப் போகும் ஆற்றலை அந்நாளில் வேறு எந்தக் கலை தந்தது?

நாந்தேயின் உருவப் படங்களுக்கென்று ஓர் அமைப்பு முறை உண்டு. நீள்வட்டச் சட்டம், அதற்குள் மார்பளவு உருவம், சட்டத்தைச் சுற்றியோ கீழேயோ பெயரும் பட்டமும், பீடத்தில் குலச்சின்னம். கொல்பேரின் குலச்சின்னம் பாம்பு. இலத்தீன் மொழியில் பாம்பைக் குறிக்கும் சொல் அவர் குடும்பப் பெயரை ஒலிப்பதால் வந்த சின்னம் இது. ஏதேன் தோட்டத்துக் கதையைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சின்னத்தைக் கண்டதும் புருவம் உயரக்கூடும். பாம்பைப்போல் விவேகமாய் இருக்கும்படி நம் ஆண்டவர் சொன்னதையும் நினைவில் கொண்டு, சின்னத்தை வைத்து ஆளை எடைபோடாமல் மேலே செல்வோம்.

இந்தப் படத்தின் சிறப்பு அதன் அடக்கத்தில் இருக்கிறது. பரோக் பாணி என்றதும் முகில்கள் கிழியவும் வானதூதர் பறக்கவும் எதிர்பார்க்கிறோம். நாந்தேய் அவற்றைத் தொடுவதில்லை. எதிரே அமர்ந்து கணக்குக் கேட்கும் ஒரு மனிதனையே அவர் தருகிறார். கண்கள் நம்மை நேரே பார்க்கின்றன. இதழ்கள் பேச்சை முடித்துவிட்டவைபோல் மூடியிருக்கின்றன. உழைப்பால் மேலேறிய ஒருவனின் பெருமிதம் முகத்தில் உண்டு; உரத்த செருக்கு இல்லை. செதுக்கியவரும் செதுக்கப்பட்டவரும் ரேன்ஸ் நகரத்தில், துணி, கம்பளி வாணிகம் செய்த குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதை நினைத்தால் இந்தப் பொருத்தம் வியப்பளிக்காது. குலப்பெருமை இல்லாத இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதன் சாட்சியாகவும் இப்படத்தைக் கொள்ளலாம்.

அதே 1660ஆம் ஆண்டில்தான் பதினான்காம் லூயி ஓர் அரசாணை பிறப்பித்து, செதுக்குக் கலையைக் கைத்தொழிற் சங்கங்களின் கட்டிலிருந்து விடுவித்துச் சுதந்திரக் கலையாக அறிவித்தார். அந்த ஆணைக்குப் பின்னால் நாந்தேயின் முயற்சியும் இருந்தது. கைவினைஞன் கலைஞனாக மதிப்பு உயர்ந்த ஆண்டின் படம் இது. இவ்வளவையும் மனமாரப் பாராட்டிய பிறகே நாம் நம் ஐயத்தை எழுப்புகிறோம்.

ஐயம் இதுதான். நாந்தேயின் உளி எல்லார்க்கும் ஒரே அமைதியைத் தந்துவிடுகிறது. 1661இல் அவர் நிக்கொலா ஃபூக்கேயையும் செதுக்கினார். ஃபூக்கே அன்றைய நிதி மேலாளர். அவருடைய குலச்சின்னம் அணில். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் கைதானார். அந்த வீழ்ச்சிக்கு வலை பின்னியவர் கொல்பேர். ஃபூக்கே 1680இல் பிஞெரோல் சிறையிலேயே மாண்டார். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அணிலுக்குரியவர் முகத்திலும் அதே கண்ணியம். பாம்புக்குரியவர் முகத்திலும் அதே கண்ணியம். வேட்டையாடியவன் யார், வேட்டையாடப்பட்டவன் யார் என்று உளி காட்டிக்கொடுப்பதில்லை.

கொல்பேரை நேரில் அறிந்தவர்கள் வேறு விதமாகப் பேசினார்கள். மதாம் தெ செவிஞே அவருக்கு 'வடக்கு' என்று பெயர் சூட்டினார். அத்தனை குளிர் அந்த மனிதரிடம் வீசியதாம். 1683 செப்டம்பரில் அவர் இறந்தபோது, வரிச்சுமையால் நொந்த மக்களின் சினத்துக்கு அஞ்சி, உடலை இரவில் காவலுடன் எடுத்துச் சென்று அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அவர் உடல் வைக்கப்பட்ட புனித எவுஸ்தாக்கியு ஆலயத்தில், சிற்பி குவாஸ்வோ செதுக்கிய கொல்பேர் இன்றும் முழந்தாளிட்டுச் செபிக்கிறார். பளிங்கில் பக்தி, செம்பில் கண்ணியம், தெருவில் சாபம். மூன்றில் எது அந்த மனிதர்? மூன்றுமே என்றுதான் நாம் விடை சொல்ல வேண்டும். ஆனால் படம் ஒன்றை மட்டுமே சொல்கிறது.

இதற்கும் மேலே வேதனை தரும் செய்தி ஒன்று உண்டு. 1665இல் கொல்பேர் தூய ஆவி சபை என்னும் அரசவை வீரர் குழுவின் பொருளாளரானார். அடுத்த ஆண்டு குளோத் லெபேவர் தீட்டிய ஓவியத்தில், அவருடைய மேலங்கியில் அச்சபையின் சிலுவை பின்னப்பட்டிருக்கிறது. அதன் நடுவே தூய ஆவியின் புறா. அந்தச் சிலுவையை அணிந்தவரின் ஏற்பாட்டில்தான், பிரெஞ்சுத் தீவுகளின் அடிமைகளைப் பற்றிய சட்டம் தயாராகத் தொடங்கியது. அவர் மறைந்த பின் அவர் மகன் செஞ்ஞெலே அமைச்சராக இருந்தபோது, 1685இல் அது 'கோத் நுவார்', அதாவது கறுப்பர் சட்டம் என்று அறியப்படும் ஆணையாக வெளிவந்தது.

அந்தச் சட்டத்தின் தொடக்கப் பிரிவுகளில் ஒன்று அடிமைகளுக்குக் கத்தோலிக்கத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஞாயிறு ஓய்வு வேண்டும் என்கிறது. அதே சட்டம் அவர்களை அசையும் பொருட்களோடு சேர்த்து எண்ணுகிறது. ஒரு மாதம் தப்பியோடி இருந்த அடிமையின் காதுகளை அறுத்து, தோளில் லீலி மலர் முத்திரையைச் சூட்டுக்கோலால் பதிக்கச் சொல்கிறது. புனித சூசையப்பரின் திருவுருவத்தில் தூய்மையின் அடையாளமாக நாம் காணும் லீலி, மனிதச் சதையில் தீயால் எழுதப்பட்டது. நெற்றியில் தண்ணீர், தோளில் நெருப்பு! இரண்டும் ஒரே ஆணையின்கீழ். செம்பில் உளியால் இட்ட கோடு ஒருவனுக்கு மாண்பு சேர்த்த காலத்தில், தோலில் இரும்பால் இட்ட கோடு இன்னொருவனின் மாண்பைப் பறித்தது.

இது தொலைதூரத் தீவுகளின் கதை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1723இல் இச்சட்டம் சில மாற்றங்களுடன் இந்தியப் பெருங்கடலின் பூர்போன் தீவுக்கும், இன்று மொரிசியசு எனப்படும் பிரான்சுத் தீவுக்கும் விரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அடிமைகளாக விற்கப்பட்ட நம் மக்கள் அங்கே கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு யார் உருவப் படம் செதுக்கினார்கள்?

இங்கே நம் மண்ணின் செம்பையும் எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. பாகூரில் கிடைத்த பல்லவர் செப்பேடுகளை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் பொறித்தவை. வடமொழியும் தமிழுமாக, வளையத்தில் கோத்து, முத்திரையிட்டவை. பாகூரில் இருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக வழங்கிய செய்தியை அவை சொல்கின்றன. அதே உலோகம்; அதே வகை உளி. ஆனால் அங்கே மன்னனின் முகம் இல்லை. பெயர், குலப் பெருமை, கொடை, எல்லை ஆகியவையே உள்ளன. நாந்தேயின் தகடு மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பதற்கு. பாகூர் ஏடோ தானே நின்று பேசுவதற்கு.

நம் செப்பேடு உயர்ந்தது, அவர்களுடைய தகடு தாழ்ந்தது என்று முடிவு கட்டுவது எளிது, அது நேர்மையாகாது. கொடையாக அளித்த அந்த மூன்று ஊர்களில் ஏர் பிடித்தவர் யார், நாற்று நட்டவர் யார் என்று பாகூர்ச் செப்பேடும் சொல்வதில்லை. கல்விச்சாலைக்குள் நுழைய யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்பதும் நாம் அறிந்ததே. முகம் காட்டினாலும் காட்டாவிட்டாலும், செம்பு எப்போதும் கொடுப்பவன் பக்கமே பேசி வந்திருக்கிறது.

எனினும் இரண்டிலும் ஒரு சிறிய நற்செய்தி ஒளிந்திருக்கிறது. பாகூர்ச் செப்பேட்டின் முடிவில் அதை எழுதிய காஞ்சித் தட்டானின் பெயர் இருக்கிறது. அவன் பெயரும் அரசனுடையதைப்போலவே நிருபதுங்கன். நாந்தேயும் தம் படங்களின் அடியில் தம் பெயரை எழுதுகிறார். கைநோக உழைத்தவன் ஒரு மூலையில் தன்னைப் பதித்துக்கொண்டான். நீள்வட்டச் சட்டத்தின் நடுவே பார்க்கும் பழக்கத்தை விட்டு, அதன் அடிவிளிம்பையும் பார்க்கக் கற்றுக்கொண்டால், படம் புதிதாகப் பேசத் தொடங்குகிறது.

முகம் சொல்லாததை எழுத்து சொல்வதும் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அதற்குச் சான்று. கம்பெனி அதிகாரிகளின் கோபமும் பேராசையும் பயமும் சமாதானமும் அதில் அன்றாடப் பேச்சுத் தமிழில் வந்து விழுகின்றன. செதுக்குச் சிற்பி மெருகிட்டு மறைத்த சுருக்கங்களை நம் பிள்ளையவர்கள் ஓலைக்காரனின் செய்தியோடும் கடைத்தெரு விலையோடும் சேர்த்து எழுதி வைத்தார். அவரும் செல்வரே, அதிகாரத்தின் அருகில் வாழ்ந்தவரே. ஆனாலும் அந்தப் பக்கங்களில் அதிகாரம் உட்கார்ந்து படத்துக்கு நிற்பதில்லை, நடமாடுகிறது, தடுமாறுகிறது.

அப்படியானால் கொல்பேரின் படத்தை என்ன செய்வது? 2020 ஜூனில், பாரிசில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முன் உள்ள அவர் சிலைமேல் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்டது. அந்தச் சினத்தின் நியாயம் நமக்குப் புரிகிறது. எனினும் சாயம் ஊற்றியவரும் மாலை போட்டவரும் ஒரு விதத்தில் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்று நாம் கருதுகிறோம். இருவரும் அந்த முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நாந்தேயின் கோட்டை ரசிக்கும் கண், அந்தக் கோட்டுக்கு வெளியே யார் விடப்பட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். கேட்பதனால் கோட்டின் அழகு குறைந்துவிடாது. அந்த அழகு எந்த விலையில் எழுந்தது என்பது கூடுதலாகத் தெரியவரும். கலையின்மேல் அன்பு வைப்பவனுக்கு அந்த அறிவு சுமைதான். ஆனால் தவிர்க்கக்கூடாத சுமை.

இதே நகரில், இதே உளியால், நாந்தேயின் படத்துக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னதாக இன்னொரு முகம் செம்பில் பிறந்தது. 1649இல் குளோத் மெல்லான் செதுக்கிய இயேசுவின் திருமுகம் அது. வெரோணிக்காவின் துணியில் பதிந்த முகமாக அதை அமைத்திருக்கிறார். மூக்கின் நுனியில் ஒரு புள்ளியில் தொடங்கும் கோடு, எங்கும் அறுபடாமல், எங்கும் குறுக்கே வெட்டாமல், சுழன்று சுழன்று தாளின் விளிம்புவரை விரிகிறது. கோடு தடித்த இடத்தில் நிழல். மெலிந்த இடத்தில் ஒளி. கண்ணும் தாடியும் முள்முடியும் வழியும் இரத்தமும் அந்த ஒரே கோட்டின் ஏற்றத்தாழ்வுகளே. தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் 6ஆம் நிலையில் முழந்தாளிடும் ஒவ்வொருவரும் இந்தப் படத்தை ஒருமுறையாவது காண வேண்டும்.

இரண்டையும் ஒப்பிடும்போது வேறுபாடு தெளிவாகிறது. கொல்பேரின் முகத்தில் சிற்பி காயங்களை மறைத்தார். இயேசுவின் முகத்தைக் காயங்களைக் கொண்டே வரைந்தார் மெல்லான். அரசவை அதிகாரியின் உருவம் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, மற்றவர்களை வெளியே நிறுத்துகிறது. திருமுகத்தின் வட்டங்கள் மேலும் மேலும் அகன்று, தாள் முடியும்வரை யாரையும் வெளியே விடுவதில்லை. காது அறுபட்ட அடிமைக்கும், கப்பலேற்றப்பட்ட தமிழனுக்கும், பாகூர் வயலில் பெயரில்லாமல் குனிந்தவளுக்கும் உருவப் படம் இல்லையே என்று வருந்தினோம். முள்முடி சூடிய இந்த முகமே அவர்களுடைய படம் என்று சொல்ல நம் விசுவாசம் நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது: அவர்களைத் தேடி, அவர்கள் பெயரைக் கேட்டு அறிவது.

வரிக்காசு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள உருவமும் எழுத்தும் யாருடையவை என்று நம் ஆண்டவர் கேட்ட நிகழ்ச்சி நற்செய்தியில் உள்ளது. கலைத் திறனாய்வு நூல்கள் பலவற்றைப் படிப்பதினும் அந்த ஒரு கேள்வி போதுமானது. அதிகாரியின் படம், ஆட்சியாளரின் சுவரொட்டி, நன்கொடையாளரின் பெயர்ப்பலகை என்று எந்த உருவத்தின் முன் நின்றாலும் அதைக் கேட்கலாம். நம் ஆலயச் சுவர்களில் பதித்த உபயதாரர் கற்களின் முன்னும் கேட்கலாம். அவற்றில் அந்தக் கல்லைச் சுமந்த கொத்தனாரின் பெயர் இருக்கிறதா என்று தேடலாம்.

நம் வீட்டுக் கூடத்தில் விளக்கேற்றும் வேளை வரும்போது, சொல்தா தாத்தாவின் படத்தையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம். அவர் எந்தப் போருக்கு, யாருக்காகப் போனார்? எந்த ஊர் மக்கள்மேல் துப்பாக்கி நீட்டும்படி அவருக்கு ஆணையிட்டார்கள்? திரும்பி வந்த பின் எந்த இரவுகளில் அவருக்கு உறக்கம் வரவில்லை? அவரை அறிந்த பாட்டி இன்னும் உயிரோடு இருந்தால், பிள்ளைகள் இன்றே அருகில் உட்கார்ந்து கேட்கட்டும். சீருடைக்குள் இருந்த மனிதரை அறிந்துகொள்வதால் அவருக்கு நாம் செய்யும் மரியாதை குறையாது. அருகில் தொங்கும் திரு இருதயப் படத்தில் ஆண்டவர் தம் காயத்தை விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்கிறார்.